வெயில் வந்த அன்றைக்கு ஒன்று

1978 நவம்பர் 6, திங்கள்

தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தும் டிரெசர் நல்லுசாமியோடு இன்று சின்ன வாக்குவாதம். மாத்திரை உறையில் படம் போடக் கூடாதாம், எழுத்தில்தான் எழுத வேண்டுமாம். "படிக்கத் தெரியாட்டி பிள்ளைங்க படிச்சுச் சொல்லும் லா." இங்கே நர்ஸ் வேலையில் எனக்கு ஒன்பது மாதம், டிரெசர் வேலையில் அவருக்குப் பதினெட்டு வருடம். அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் வேலாயி அக்கா வந்தார். மேல் மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது, நல்லவேளையாக வீட்டில். வெளியே தெரிந்தால் சரிவில் நிற்க விட மாட்டார்கள். புருஷன் மாடசாமிக்கு மூச்சு வியாதி, வேலை நின்று இரண்டு வருடம் ஆகிறது. இருவருக்கும் எழுத்து தெரியாது. பிள்ளையும் இல்லை. "எழுத்துன்னா யார்கிட்டயாச்சும் காட்டணும் மிஸ்ஸி. காட்டுனா லயத்துல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிரும்."

டிரெசர் உள்ளே ஊசி போடப் போன நேரம் பார்த்து, உறையில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வரிசை நீளமாக இருந்தது. "படத்துல உள்ள மாதிரி" என்று மட்டும் சொன்னேன். அக்கா தலையாட்டினார். படம் அழகாகவே வந்திருந்தது.

நவம்பர் 9, வியாழன்

மூன்று நாளாக மூடுபனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 13, திங்கள்

 

வேலாயி அக்கா மலையில் விழுந்துவிட்டார். வலிப்பு. கூடையோடு உருண்டு கீழே வாய்க்காலில் கிடந்திருக்கிறார் — பனியில் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்து நிறுக்க வரவில்லையே என்று தேடிப் போய்த்தான் கண்டுபிடித்தார்கள். தலையில் அடி. நினைவில்லை. லோரியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாற்றுத்துணி எடுக்க மாடசாமி அண்ணனோடு லயத்துக்குப் போனேன். சாமி படத்துக்குப் பின்னால் உறை இருந்தது. பிரித்து எண்ணினேன். நான் கொடுத்தது இருபத்தெட்டு. உள்ளே இருபத்தேழு.

"வெயில் வந்த அன்னிக்கு ஒண்ணு போட்டுச்சு மிஸ்ஸி. சனிக்கிழம கொஞ்ச நேரம் அடிச்சிச்சுல்ல, அப்ப. நிலாவுக்குப் பௌர்ணமி இன்னும் வரல. படத்துல அப்படித்தானே இருக்கு? நாங்க சரியாத்தானே செஞ்சோம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வெயில் ஏறினால் வலிப்பு வரும், பௌர்ணமிக்கு வரும் என்று எல்லாரும் சொல்வதுதானே. அவர்கள் அதைத்தான் என் படத்தில் பார்த்தார்கள். நான் என்ன நினைத்து வரைந்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 14, செவ்வாய்

கண் திறக்கவில்லையாம். செத்துப்போனா என்ன ஆகும்? போலீஸ் வருமா? அப்பாகிட்ட எப்படிச் சொல்வேன்? டிரெசர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே.

உறை இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது இரண்டு முறை அதை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

நவம்பர் 15, புதன்

கண் திறந்துவிட்டார். தண்ணீர் கேட்டாராம். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் டிரெசர், தோட்டத்து மானேஜர் துரைக்கு எழுதிய அறிக்கையைக் காட்டினார். மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டது, நோயாளி நோயை மறைத்ததோடு மருந்தையும் சாப்பிடவில்லை என்று இருந்தது. "கையெழுத்துப் போடு குணவதி. மருந்து குடுத்தது நீதான்."

போட்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வேல போயிரும். வேல இல்லன்னா வீடு ஏது?"

பேனாவில் மை இல்லை, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். மை நிறைய இருந்தது.

நவம்பர் 16, வியாழன்

டிரெசரிடம் சொல்லிவிட்டேன். உறையை அவர் மேசையில் வைத்தேன். எடுத்து, சூரியனையும் நிலாவையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்துல எழுதச் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்."

"பின்ன?"

"யார்கிட்டயும் காட்ட முடியாதுன்னு அக்கா சொன்னாங்க. எழுதிக் குடுத்திருந்தா அந்த ஒண்ணக்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டார். "துரைகிட்ட நீயே போய்ச் சொல்லு. உனக்காகவும் பேச மாட்டேன், உனக்கு எதிராவும் பேச மாட்டேன்."

உடனே ஆபீஸுக்குப் போனேன். துரை மூன்றே கேள்விதான் கேட்டார். பாதி மலாய், பாதி இங்கிலீஷ் என்று ஏதோ உளறினேன். மாதக் கடைசியில் முடிவு சொல்வாராம். இன்னும் பதினான்கு நாள். எப்படித் தூங்குவது?

நவம்பர் 19, ஞாயிறு

பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா தலையில் பெரிய கட்டு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "என்ன படம் போட்டிருந்தா புரிஞ்சிருக்கும் அக்கா?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 30, வியாழன்

வேலை போகவில்லை. மூன்று மாதம் மருந்து கொடுக்கக் கூடாது, போத்தல் கழுவ வேண்டும். அக்காவுக்கு இனி மலை இல்லை, பேக்டரியில் காம்பு பொறுக்கும் வேலை. வீடு அவர்களுக்கே. 

டிசம்பர் 11, திங்கள்

கொழுந்து நிறுக்க வந்த பெண்களிடம் சில படங்கள் வரைந்து காட்டினேன். காலை என்பதற்குச் சேவல். "கோழிக்கறி ஆகாதா மிஸ்ஸி?" சோற்றுத் தட்டு. "சோறு தருவீங்களா?" என்று சிரித்தார்கள். மணி வரைந்ததும் ஏழு பேர், "பெரட்டு மணி, காலையில வேலைக்குக் கூப்பிடுறது" என்றார்கள். எட்டாவது ஆள், "கோயிலா?" என்றார்.

படத்துக்குக் கீழே எழுத்தும் போடலாமா என்று டிரெசரிடம் கேட்டேன். "ரெண்டும் போட இந்த உறை பத்தாது" என்று போய்விட்டார். சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், என் நாற்காலியில் பெரிய உறை ஒரு கட்டு.

1979 மார்ச் 12, திங்கள்

மறுபடி மருந்து கொடுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது.

இன்று பவளம் என்று ஒரு பெண் வந்தாள், பேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவள். என்ன செய்கிறது என்று நான் கேட்பதற்குள், "வேலாயி அக்காதான் அனுப்புனாங்க. 'அந்த மிஸ்ஸிகிட்டயே போ, சொன்னதையே திருப்பிச் சொல்லச் சொல்லும், கோவிச்சுக்காத'ன்னாங்க" என்றாள். அன்று டவுன் ஆஸ்பத்திரியில் பேசியதோடு சரி, அக்கா என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

உறையில் படம் போட்டு, கீழே எழுதி, வாயாலும் சொன்னேன். "எப்படிச் சாப்பிடுவ, சொல்லு." சரியாகச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

உறையைக் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டு, மூன்றாவது தடவையும் கேட்டேன்.