மாப்பிள்ளை கேட்கப் போன சிவப்புக் கார்

பெப். 12, வியாழன்
காலையில் தூறல். ஜீப் கழுவினேன். பாதியில் நிறுத்தம். இன்னும் தேய்த்தால் துருவோடு ஜீப்பும் போய்விடும்.

நாளை நிந்தவூர். மகள் ஸஹ்ராவுக்கு மாப்பிள்ளை கேட்டு. வேறு ஊர்களில் மாப்பிள்ளை வீட்டார் வருவார்களாம். இங்கே பெண்ணைப் பெற்றவன்தான் தலையைச் சொறிந்துகொண்டு போக வேண்டும். மனைவி: "நெல்லு மூட்டை ஏத்துற சாமானுல நான் வரமாட்டன். தம்பிட காரை வாங்குங்க."

தம்பி என்றால் என் மச்சான் ஹாரிஸ். கத்தார் உழைப்பு. கார் சிவப்பு, இரண்டே கதவு. சாவி தந்தார், பதிலுக்கு ஜீப் அவருடைய அறுவடைக்கு. "மச்சான், டர்போ இரிக்கி, பாத்து மிதிங்க. நிந்தவூர்ல பிரேக்கடிச்சா அக்கரைப்பற்றுலதான் நிக்கும்."

13, வெள்ளி
ஜும்ஆ முடிந்து பயணம். கொளுத்தும் வெயில்.

ஜீப்: வயது அறுபது. கண்ணாடி இல்லை. பன்னிரண்டு மூட்டை, ஆறு ஆள், ஒரு ஆடு.
கார்: நாலு பேர் என்று புத்தகத்தில். எழுதியவர் மனைவியின் அக்காவை, எங்கள் ராத்தாவைப் பார்த்ததில்லை.

சீட் என்னைக் கட்டிப்பிடித்தது. இந்த வயதில் யார் பிடிக்கிறார்கள்! ஒரு மிதி, பாய்ச்சல். காரைதீவில் நெல் ஏற்றிய உழவு மெசினுக்குப் பின்னால் திடீர் பிரேக், பிறகு நடை வேகம். பின்சீட்டில் ராத்தா, மடியில் இனிப்புத் தட்டோடு: "தொதல் தட்டு நெஞ்சுக்குள்ள போயிட்டுகா!"

மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவரை வெளியே எடுக்கப் பத்து நிமிடம். தெருவே பார்த்தது. மாப்பிள்ளை காரை மூன்று தரம் சுற்றினார். அவருடைய வாப்பா: "எத்தின குதிர சக்தி? உங்கடயா?" நான் ஆம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். பல் தெரிய. அதுதான் பிழை.

14, சனி
தொலைபேசி. மாப்பிள்ளையின் வாப்பா. "மகனுக்குப் புடிச்சிருக்கு. ஊட்டோட அந்தச் செவத்தக் காரையும் தந்தாக் காணும். வேற ஒண்டும் வேணா." பெண்ணோடு வீடு கொடுப்பது இங்கே வழக்கம், கார் புதிது.

மனைவி: "அங்கயே வாயத் தொறந்து செல்லியிருக்கலாமே!"
"காரை வாங்கச் சொன்னது ஆரு?"
மத்தியானச் சோற்றில் உப்பு இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

ஹாரிஸுக்குச் சொன்னால் சிரிக்கிறார். "மாப்பிள்ளைக்கு ஜீப்பக் குடுங்க மச்சான். இண்டைக்கு வயலுக்குள்ள சேத்துல பொதஞ்ச டிரக்டரையே இழுத்துட்டு." என் ஜீப். எனக்காக ஒருநாளும் அப்படி இழுத்ததில்லை.

15, ஞாயிறு
மழை. மகள் பள்ளிக்கூடத்துக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல்: "வாப்பா, என்னையப் பத்தி என்ன கேட்டாங்க?"

யோசித்தேன். குதிரை. டயர். பின்பக்கக் கமரா. கூரை திறக்குமா.
"படிப்பிக்கிறனா எண்டு கேட்டாங்களா?"
அடுத்த கொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.
"பேரு?"
சிரிக்க வைக்கப் பகிடி ஒன்று விடப் பார்த்தேன். வரவில்லை. மூன்று நாளாக நானும் காரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

16, திங்கள்
விடிந்ததும் காரைக் கொடுத்து ஜீப்பை எடுத்து வந்தேன். சேறு அப்படியே. நிந்தவூருக்கு, நேரில் போய் வேண்டாம் என்று சொல்ல. மனைவி வாசலில் கண்ணைத் துடைத்தபடி: "நோன்புக்கு முந்தி எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஏறினேன். சாவி திருப்பினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரி. இறங்கலாம் என்றால் ஜீப் தானாக நகர்கிறது. திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் புறப்பட்ட மகள், அபாயாக் கையைச் சுருட்டிவிட்டு, பின்னால் நின்று தள்ளுகிறாள்.

"கிளட்ச விடுங்க வாப்பா!"