ரோட்ஸ் தீவிலிருந்து அள்ளி வந்த மண்

என் உயிரான அண்ணா,

உன்னைத் தேடி கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. உன் கல்லறை அங்கே இல்லை.

நீ கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தாய், அந்தத் தீவில் இறக்கிப் புதைத்தோம் என்று தந்தி வந்ததோடு சரி. அம்மா நம்பவில்லை. "அவன பொதைச்ச மண்ண எடுத்தாந்து காட்டு. அப்பால காரியம் பண்ணலாம்" என்று ஒரே பிடி. அதுவரை அண்ணி தாலியைக் கழற்றக் கூடாதாம். பூ வைத்தால் ஊர் பேசுகிறது, வைக்காவிட்டால் அம்மா அழுகிறாள். பழவேற்காட்டில் அந்த வீட்டுக்குள் அண்ணி எத்தனை காலம் இப்படி உட்கார்ந்திருப்பார்? அதற்காகத்தான் டிப்ளமோ முடித்த நானும் கிரேக்கக் கப்பலில் ஃபிட்டராக ஏறினேன். கப்பல் அந்த நாட்டுத் துறைமுகத்தில் பழுதுக்கு நின்றபோது லீவு கேட்டு வாங்கி, பயணிகள் கப்பலில் தீவுக்குப் போனேன்.

டாக்சிக்காரரிடம் கல்லறைத் தோட்டம் என்றேன். காவலாள் மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டான், சாயங்காலம்தான் திறப்பான் என்றார். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். "நீ இந்தியா மகாராஜாவா? வா, அரண்மனை காட்டுகிறேன்."

நான் ஊர் பார்க்கவா போனேன்? ஆனாலும் போக்கிடம் இல்லை. அரண்மனை, அந்தக் காலத்துப் போர்வீரர்கள் தங்கிய கல் தெரு, மதில். எந்தக் கல் பழசு, எது பின்னால் ஆண்ட இத்தாலிக்காரன் திருப்பிக் கட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. துறைமுக வாயிலில் இரண்டு தூண்கள், உச்சியில் வெண்கல மான்கள்.

"இங்கே ஒரு வெண்கல ராட்சதச் சிலை நின்றது. காலுக்கு நடுவே கப்பல் போகும்!" என்றார் டாக்சிக்காரர்.

"அவ்வளவு அகலத்துக்குக் காலை விரித்தால் எடை தாங்காது" என்றேன்.

"தாங்கவில்லைதான், பூகம்பத்தில் விழுந்தது. பல நூறு வருஷம் அப்படியே கிடந்தது. பிறகு யாரோ எடைக்கு வாங்கிப் போனார்கள்."

ராட்சதனையே எடைக்குப் போட்ட ஊர் உன்னையா வைத்திருக்கும்?

சாயங்காலம் காவலாள் வந்தார். அங்கே இடம் குறைவு, அண்ணா. மூன்று வருஷம் ஆனதும் குழியைத் தோண்டி, எலும்பைக் கழுவிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதுவார்களாம். உறவு வராத எலும்பு பொதுக்குழிக்குப் போகும். உனக்கு மூன்று வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது; யார் போனோம்? அந்தப் பொதுக்குழியின் இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினார். இதில் எது என் அண்ணன் என்று கத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான்.

குழியோரத்து மண்ணை, கழுவி வைத்திருந்த மசகுக் கிரீஸ் டப்பா ஒன்றில் அள்ளி வந்தேன்.

அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "ஊரான் எலும்பு கலந்த மண்ண எம்புள்ளன்னு கரைக்கச் சொல்றியா? இன்னாடா படிச்ச நீ?" என்று டப்பாவைத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லேன்?

அண்ணி மட்டும் பின்னாலேயே வந்தார். "அந்த ஊரு எப்டி இருந்துச்சு தம்பி?"

அரண்மனை, தெரு, மான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் குழியாண்ட நின்னா கடலு தெரியுதா?"

"தெரியுது அண்ணி."

"பொய்யா?"

"எனக்குப் பொய் வராது."

"வந்திருந்தா அத்தகிட்ட சொல்லியிருப்ப. இவ்ளோ பேஜாரு ஆயிருக்காது." சிரித்தார். சிரிக்கும்போதே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "என்னால முடியல தம்பி. காரியத்த முடிச்சுக் குடுத்துடு. அந்தக் குழில கெடக்குற மத்தவங்களயும் யாரும் தேடிக்கினு வரலதானே? சேத்தே கரைச்சிடலாம்."

இனி நான் கப்பல் ஏறப்போவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணியும் ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்கிறார். அம்மாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வரும் அமாவாசைக்கு முகத்துவாரத்தில் கரைத்துவிடுவேன், அண்ணா. அம்மா படகில் ஏறினாலும் சரி, கரையிலேயே நின்று என்னைச் சபித்தாலும் சரி. உன் பெயரைச் சொல்வேன். மற்றவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் அண்ணனோடு கிடந்தவர்கள் என்று சொல்லி, அவர்களுக்கும் ஒரு கை தண்ணீர் விடுவேன்.

காலம் தாழ்ந்து வந்த உறவு,
உன் தம்பி