எழில்மொழிக்கு நீட்டிய இடது கை

வடக்குவெளி,
6.7.2025

ப்ரியம்வதா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றிலிருந்து நீங்கள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன், இல்லையென்றால் அழுதிருப்பேன். உங்களிடம் இரண்டையும் செய்ய எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிச் சாரணியர் படையில் சேர வேண்டும் என்று என் மகள் எழில்மொழி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. தையல் கடைக்கு வந்த ஜாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவளுக்குச் சீருடை தைத்தேன். அவளை அணித்தலைவி ஆக்கியிருக்கிறீர்கள் என்று சிங்கப்பூரில் இருக்கும் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கே ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டார். நேற்று உறுதிமொழி விழாவில் முதல் ஆளாக அவள் பெயரைக் கூப்பிட்டீர்களே, எனக்குக் கால் தரையில் இல்லை.

கழுத்தில் ஸ்கார்ஃப் போட்டீர்கள். பிறகு கை கொடுத்தீர்கள். இடது கையை!

அத்தனை பெற்றோர் முன்னால் என் பிள்ளைக்கு இடது கை. உங்கள் அப்பா கல்யாணம் அவர்களின் வயலில் என் அம்மா கதிர் அறுத்தவர். களத்தில் கூலி நெல் அளக்கும்போது உங்கள் அப்பா மரக்காலை இடது கையால்தான் தள்ளிவிடுவாராம். வலது கை எங்களுக்கு ஆகாது. சாகும்வரை அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அதனால்தான் எழுந்து வந்து அவளை இழுத்துக்கொண்டு போனேன். "எல்லாருக்குமே அப்படித்தாம்மா குடுப்பாங்க" என்று வழியெல்லாம் அழுதாள். பிள்ளைக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஸ்கார்ஃபைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழில் இனி வரமாட்டாள்.

இப்படிக்கு,
செவ்வந்தி

பட்டுக்கோட்டை,
8.7.2025

மதிப்பிற்குரிய செவ்வந்தி அவர்களுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழில் பொய் சொல்லவில்லை. சாரணர் இயக்கத்தில் எல்லாரும் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். போர்வீரன் கேடயம் பிடிப்பது இடது கையில். அதைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினால் 'உன்னை நம்புகிறேன்' என்று அர்த்தமாம். நீங்கள் போன பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் அதே கையைத்தான் கொடுத்தேன்.

இதைச் சொல்லிவிட்டதால் நான் செய்தது சரியாகிவிடாது. படையில் சேர்க்கும் முன் பெற்றோர் கூட்டம் போட்டு ஷூ, தண்ணீர் பாட்டில், சனிக்கிழமை நேரம் எல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. யாரும் எனக்கு எதையும் இடது கையால் தள்ளிவிட்டதில்லை, அதனால் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டி, "நெஜமாப்பா?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஸ்கார்ஃப் என் மேசையில்தான் இருக்கிறது. அந்த அணிக்கு வேறு தலைவி போடவில்லை. ஆகஸ்டில் முத்துப்பேட்டையில் இரண்டு நாள் முகாம். எழில் இல்லாமல் அவள் அணிப் பிள்ளைகள் நேற்றுக் கூடாரம் கட்டிப் பார்த்தார்கள். அது அவர்கள் தலைமேலேயே விழுந்துவிட்டது. என்ன செய்தால் அவளை அனுப்புவீர்கள்?

தங்கள்,
ப்ரியம்வதா

வடக்குவெளி,
11.7.2025

டீச்சருக்கு,

கூடாரம் விழுந்த கதையைப் படித்துவிட்டு எழில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்கு வந்த பிரகதீஸ்வரியிடம் விசாரித்தேன். அவள் மகளுக்கும் இடது கைதான் கொடுத்தீர்களாம். சரி, அவசரப்பட்டது நான்தான். ஆனால் கோபப்பட்டது தப்பில்லை.

சேர்க்கும் முன் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். முகாமில் பிள்ளைகளோடு யார் தங்குவார்கள்? மாதவிலக்கு வந்தால் என் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? வீட்டு நினைப்பு வந்து அழுதால் கூட்டிக்கொண்டு வந்து விடுவீர்களா, அதட்டி உட்கார வைப்பீர்களா? சொல்லாமல் கொள்ளாமல் நான் வந்து நின்றால் உள்ளே விடுவீர்களா? இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் வேண்டும். என் மகள் பொங்கிய சோற்றை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுவார்களா? அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டீர்களா?

அவளை ஊர் பார்க்க இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பச் சேர்ப்பதும் ஊர் பார்க்கத்தான் நடக்க வேண்டும். எங்கள் தெருவில்.

செவ்வந்தி

பட்டுக்கோட்டை,
13.7.2025

அன்புள்ள செவ்வந்திக்கு,

என்னோடு இன்னொரு ஆசிரியையும் கூடவே தங்குவார். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உடம்புக்கு எதுவென்றாலும் எங்கள் இருவரில் யாரிடமும் சொல்லலாம், தேவையானதெல்லாம் கையில் இருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதால் அந்த நேரமே கூட்டி வருவோம். நீங்கள் சொல்லாமலே வாருங்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும்.

சோறு விஷயம். நேற்று ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லாப் பிள்ளைகளும் சமைப்பார்கள், எல்லாரும் சாப்பிட வேண்டும், சம்மதமா என்று கேட்டேன். ஒரு வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். அப்படியானால் உங்கள் பெண்ணுக்கு முகாம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் அவர்களே போன் செய்து சம்மதித்தார்கள். அந்தப் பெண் அழுதே சாதித்திருக்கிறாள்.

வரும் சனிக்கிழமை மாலை படை முழுவதும் உங்கள் தெருவுக்கு வருகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். "நீங்க எதுக்குப்பா?" என்றேன். "வரேன்னா வரேன்" என்கிறார். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

அன்புடன்,
ப்ரியம்வதா

வடக்குவெளி,
20.7.2025

அன்புள்ள ப்ரியம்வதா டீச்சருக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வந்துதான் பார்க்கட்டுமே என்று பிறகு விட்டுவிட்டேன். நல்லவேளை விட்டேன்.

நேற்று எழிலுக்கு ஸ்கார்ஃப் போட்டுக் கை கொடுத்துவிட்டு நீங்கள் மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டீர்கள். அப்போது நடந்ததை உங்கள் அப்பா வீட்டில் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன்.

எழில் என்னிடம் வந்து இடது கை கொடுத்தாள். நடவு முடிந்து சேற்றுக் காலோடு வந்து நின்ற அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். அப்படியே போய் உங்கள் அப்பாவின் நாற்காலி முன்னால் நின்று, இடது கையை நீட்டினாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என் பிள்ளை தாங்குவாளா?

கைத்தடி அவருடைய இடது கையில் இருந்தது. அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "செத்த இரும்மா, எழுந்துக்கறேன்" என்றார். எழுந்து நின்றுதான் கை கொடுத்தார்.

"இது எதுக்குன்னு தெரியுமா தாத்தா?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு."

"உங்கள நம்புறேன்னு அர்த்தம்."

அவர் அவள் கையை விடவே இல்லை.

நானாக இருந்தால் அந்தக் கையை நீட்டியிருக்கமாட்டேன். இன்றைக்கும் நீட்டுவேனா என்று தெரியவில்லை. அம்மாவுக்காக எனக்குள் இருக்கும் கோபம் இருக்கட்டும், அது என்னோடது. ஆனால் எழிலுக்கு அந்தக் கையை நீட்டத் துணிச்சல் இருந்தது டீச்சர். இவளைப் பெற்றவள் நான் என்று அந்தத் தெருவில் அத்தனை பெருமையாக நின்றேன். ராத்திரி அவள் அப்பாவிடம் சொன்னபோது போனில் அவரும் அழுதார், நானும் அழுதேன். உங்களிடம் அழமாட்டேன் என்ற வைராக்கியமெல்லாம் போய்விட்டது.

முகாமுக்கு அவளை அனுப்புகிறேன். கூடாரத்தை ஒழுங்காகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் கூட்டம் போடுவீர்கள் அல்லவா? என்னையும் கூப்பிடுங்கள். ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் நீங்கள் சொல்லுங்கள். இடது கையை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அணித்தலைவி எழில்மொழியின் அம்மா
செவ்வந்தி