பதினேழாம் வரிசைக்குத் தகப்பன் இல்லை

விதை அறை,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய முதன்மை ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக எழுதும் ‘அன்புள்ள’வை இந்த முறை எழுதவில்லை. மறதியால் அல்ல, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நலம் விசாரிக்கும் அளவுக்கு மனது இளகினால் அப்புறம் விசாரிக்கிறேன்.

நீங்கள் கூரியரில் அனுப்பிய உறை நேற்று அலுவலக முகவரிக்கு வந்தது. வீட்டு முகவரி மறந்துவிட்டதோ என்னவோ. உள்ளே ஒரு படிவம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மேலே ஒட்டிய மஞ்சள் சீட்டில் ‘அவசரம். திங்களுக்குள்.’ என்று இரண்டே வார்த்தை. வெளிநாடு போன இந்த இரண்டரை வருடத்தில், கட்டிய மனைவிக்கு உங்கள் கையால் எழுதிய முதல் கடிதம் அதுதான். பாப்பா சீட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அப்பா எழுதியது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

படிவத்தை இரண்டு முறை படித்தேன். நம் பண்ணையும், நீங்கள் போயிருக்கிற நிறுவனமும், இன்னொரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் காய்கறி மரபுவளக் கூட்டு ஆராய்ச்சியில் உருவான புதுக் கத்தரி ரகமாம். வரிசை எண் பதினேழு. வாடல் நோய் அண்டாது. தாய், சேகரிப்பு எண் 212. தகப்பன், முள்ளுள்ள காட்டுக் கத்தரி. கலப்பு செய்தவர்கள் நீங்களும் நானும். ‘மேற்படி கலப்பு முறைப்படி செய்யப்பட்டது என உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழேதான் உங்கள் பெருக்கல் குறி.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். பதினேழாம் வரிசைக்குத் தகப்பன் கிடையாது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரியாதது போல நடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். பூ மலர்வதற்கு முந்தின சாயங்காலமே தாய்ச் செடியின் மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, உறை மாட்டி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் காட்டுச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். அந்தச் சாயங்காலத்தைத் தவறவிட்டால் பூ தன் மகரந்தத்தைக் கொண்டே தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதைத் தொண்டை வறளச் சொல்கிறவர் நீங்கள்தானே?

அன்று சாயங்காலம் நாம் வயலிலேயே இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பதாவது நாள். “மொட்டு எங்க ஓடிப் போயிடப் போகுது, வா” என்று என் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படத்துக்குக் கூட்டிப் போனீர்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் முப்பத்திரண்டு மொட்டும் மலர்ந்து கிடந்தன. “பரவால்ல, இப்ப எடுத்துடலாம்” என்றீர்கள். எடுத்தோம். மகரந்தம் என் விரலெல்லாம் மஞ்சளாக ஒட்டியது. எதை எடுத்து என்ன, காரியம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கலப்புகளைக் குறித்து வைக்கிற கிராசிங் நோட்டில் மட்டும் உங்கள் கையெழுத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘முந்தைய நாள் மாலை 4.30. மொட்டுகள் 32. உறையிடப்பட்டன.’ கீழே நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நானும் போட்டிருக்கிறேன். புதுப் பெண், புருஷன் நீட்டிய இடத்தில் போட்டேன். அதற்காக நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை.

நாற்று வந்தபோது கேட்டேன். காட்டுச் செடிக்குப் பிறந்த பிள்ளைக்கு இலை நரம்பிலாவது முள் இருக்க வேண்டுமே, ஒரு நாற்றிலும் இல்லையே என்றேன். “உன் கண்ணுக்கு எல்லாத்துலயும் முள்ளுதான் தெரியணும்” என்று சிரித்து மழுப்பினீர்கள். அப்புறம் நோய்ப் பாத்தியில் நட்டோம். வாடல் கிருமியை நாமே வளர்த்து வைத்திருக்கிற மண், அதில் ஒரு செடிகூடச் சாகவில்லை. காட்டுத் தகப்பனின் வீரியம் என்று துள்ளினீர்கள். தாய்ச் செடியையும் பக்கத்தில் நட்டுப் பார்ப்போம் என்று சொன்னதற்கு, “ரோட்டோரக் கத்தரிக்கு என்ன எதிர்ப்பு சக்தி இருக்கப் போகுது? இடம்தான் வேஸ்ட்” என்றீர்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பருவத்தில் உங்களைக் கேட்காமல் இரண்டையும் நோய்ப் பாத்தியில் நட்டேன். பதினேழாம் வரிசையில் இருபத்துநாலு, 212-இல் இருபத்துநாலு. பக்கத்தில் வழக்கமாகச் சாகிற ரகம் பத்தாம் நாளே தலை தொங்கிவிட்டது. இவை நாற்பத்தெட்டும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. எண் அட்டைகளைக் கழற்றிவிட்டு, களையெடுக்கிற பெண்களை அழைத்து எது எந்த வரிசை என்று கேட்டேன். “ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே, எங்கள வச்சு விளையாடுறீங்களா?” என்றார்கள். நீங்களோ உங்கள் மூன்று நிறுவனங்களோ கண்டுபிடிக்காததை அவர்கள் வரப்பில் நின்றபடி சொல்லிவிட்டார்கள். இலையை லேபிலும் கொடுத்தேன். காட்டுக் கத்தரியின் வாடையே இல்லை என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

212 உங்களுக்கு எண். எனக்கு அது நம் பண்ணை கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் பஞ்சர் அண்ணன். டியூபை முக்கிப் பார்க்கிற தொட்டித் தண்ணீரைக் கொட்டுவாரே, கடைக்குப் பின்னால், அங்கே நின்ற செடி. விதைக்கென்று பழுக்கவிட்ட காயைப் பறித்துத் தாளில் சுற்றி அவர் நம் கையில் கொடுத்ததற்கு அடுத்த வருடம்தான் நமக்குக் கல்யாணம். அவர் இன்றும் பஞ்சர் ஒட்டுகிற மருந்து டப்பாவில் விதையைப் போட்டு வைத்து, டயர் ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சிட்டிகை கொடுத்து அனுப்புகிறார்.

போன வாரம் நம் பண்ணை மேலாளர் அவர் கடைக்குப் போயிருக்கிறார். ரகம் வெளிவந்ததும் கூட்டு ஆராய்ச்சி நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அந்த விதையைக் கொடுக்கக் கூடாதாம். ‘உங்க கத்தரி எங்க கத்தரி மாதிரியே இருக்கு. அப்புறம் பண்ணையிலிருந்து திருடுனீங்கன்னு கேஸ் ஆயிடும்’ என்று நல்லது சொல்வது போலச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் முதலில் விளையாட்டு என்று சிரித்தாராம். மறுநாள் என்னை நிறுத்தி, “தங்கச்சி, அது நான் குடுத்த பழம்தானே? நான் எதுக்குத் திருடணும்?” என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாப்பா அவர் தொட்டியில் கையை விட்டுக் குமிழியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குளிர் அறைக் கம்ப்ரசர் மறுபடியும் மக்கர் செய்கிறது. உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. பாப்பாவுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. நீங்கள் போனபோது இருந்த பாப்பாவை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே புது ரகங்களுக்கு ஒப்புதல் தருகிற கமிட்டிக்கு எழுதிப் பதினேழாம் வரிசையைத் திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால் நான் இயக்குநர் அறைக் கதவைத் தட்டுவேன். தபால் மெதுவாகத்தான் வரும் என்பதால் இதை ஃபோனிலும் படமெடுத்து அனுப்புகிறேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்படிக்கு,
படிவத்தில் கையெழுத்துப் போடாத
உங்கள் மனைவி


விதை அறை,
சனிக்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை ஃபோனில் நீங்கள் கத்திய கத்தலில் பாப்பா பென்சிலைக் கீழே போட்டுவிட்டு என் மடியில் வந்து ஒட்டிக்கொண்டாள். ‘ரெண்டு பேர் பேரும் நாறும்’ என்றீர்கள். நாறட்டும். ‘ஏழு வருஷ உழைப்பை ஒரே நாள்ல குழி தோண்டிப் புதைக்கிறே’ என்றீர்கள். புதைந்து கிடந்ததைத்தான் தோண்டினேன். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னீர்களே, ‘படத்துக்குப் போனேன்னு கமிட்டில போய்ச் சொல்லணுமா? அது ஒரு நாள் கூத்து, அதைப் போய்ப் பிடிச்சுத் தொங்குறியே’ என்று. ஃபோனை வைத்துவிட்டேன். ரொம்ப வலித்தது. கோபத்தில் சொன்ன வார்த்தை என்று நினைத்துப் பார்த்தேன், அப்படியும் ஆறவில்லை.

நேற்று இயக்குநரிடம் போனேன். கிராசிங் நோட்டு, லேப் தாள், நான் எழுதிய ஒரு பக்கம், மூன்றையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்கு எதிரா எழுதிருக்கீங்கம்மா, தெரியுதா?” என்று கேட்டார். எனக்கும் எதிராகத்தான் எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள் என்றேன். ரொம்ப நேரம் படித்தார்.

பதினேழாம் வரிசை கமிட்டியின் திங்கட்கிழமைப் பட்டியலில் இல்லை. எனக்குக் கலப்பு வேலையும் இல்லை. விசாரணை முடிகிற வரை விதை எடை போடுகிற இடத்தில் உட்கார வேண்டும். ஆயிரம் விதையாக எண்ணி எண்ணி நிறுப்பது. பரவாயில்லை, விதை பொய் சொல்லாது, கத்தவும் கத்தாது.

ஆனால் கதை முடியவில்லை. கிராசிங் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் தங்கள் கையால் திருத்த வேண்டுமாம். ஒருவர் மட்டும் திருத்தினால் பழைய எழுத்துதான் நிற்கும். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால், ‘குடும்பத் தகராறில் மனைவி கிளப்பிய புகார்’ என்று ஓரங்கட்டிவிட்டு அடுத்த பருவத்தில் பதினேழை மறுபடியும் பட்டியலில் ஏற்றுவார்கள். மேலாளர் மறுபடியும் சைக்கிள் கடைக்குப் போவார். அண்ணன் டப்பாவைக் கடைக்குள்ளே ஒளித்து வைத்துவிட்டார். நேற்று விதை கேட்டு வந்த ஒருவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். இருக்கிற பொருளை இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர், சொல்லும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நீங்கள் மறுத்தால் சாட்சிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. அன்று படம் விட்டு வரும்போது நம் வண்டியின் பின் டயரில் காற்று இறங்கி, அவர்தானே ஒட்டிக் கொடுத்தார்? அவரிடம் கேட்டேன். “நல்லா ஞாபகம் இருக்கே. டயர் போனதுக்கு ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க. டயர் போனதுக்குச் சிரிச்ச ஜோடிய நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல” என்றார். உங்கள் சட்டைப் பையிலிருந்து இடுக்கி விழுந்ததைக்கூடச் சொன்னார். ஆனால் அவரைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். அவரிடமிருந்து நாம் வாங்கியது போதும்.

நோட்டுப் பக்கத்தின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பங்கை எழுதி முடித்துவிட்டேன். ‘காலை 9 மணி. மலர்ந்த பூக்கள் 32. கலப்பு நடக்கவில்லை. இது சைக்கிள் கடைக்காரர் கொடுத்த கத்தரியேதான்.’ அதற்கு மேலே ‘மாலை 4.30’ என்ற உங்கள் வரி அப்படியே இருக்கிறது. அதை அடித்துவிட்டு, அந்தச் சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று எழுதுங்கள். யாரோடு இருந்தீர்கள் என்றும் எழுதுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், உங்கள் வழக்கப்படி.

அண்ணனுக்காகத்தான் கேட்கிறேன் என்று சொன்னால் அது முக்கால் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நம் கல்யாண வாழ்க்கையில் நீங்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். நோட்டில் அதையும் வேலை நேரமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டு பூ வீணானதற்கு நான் வருத்தப்படுகிறேன். படத்துக்குப் போனதற்கு வருத்தப்படவில்லை. நீங்களும் வருத்தப்படவில்லை என்று உங்கள் கையெழுத்தில் எனக்கு வேண்டும்.

அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன். ஃபோனில் கத்தும்போது நடுநடுவே இருமினீர்கள். மருந்து சாப்பிடுங்கள். மஞ்சள் சீட்டு என்னிடம் இல்லை, ஃபிரிட்ஜில் இருப்பதைப் பாப்பா தர மாட்டேன் என்கிறாள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவசரம்.

உங்கள் மனைவி