கேட்ட மறுநாளே கையில்

11 ஜூலை 1994, திங்கள்

"எத்தனை நாளா இருக்கு?" டாக்டர் கேட்டார். எந்தச் சஞ்சிகை எந்தத் தேதியில் வந்தது என்று இருபத்து மூன்று வருடமாக மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பதிந்து வைப்பவள். என் கழுத்தில் இந்தக் கட்டி எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. போன மாதம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. அதற்கு முன்? டாக்டர் 'ஒரு மாதம்' என்று எழுதிக்கொண்டார். எழுதியதால் உண்மையாகிவிடாது.

ஆடி பிறக்கவில்லை, அதற்குள் காற்று. காலை ரயிலுக்கு நின்ற திருப்பூர் ஸ்டேஷனில் தலை நிறையப் பஞ்சுத் தூசு.

எங்கள் ஆஸ்பத்திரிதான். ஆனாலும் நூலகர் என்று சொல்லாமல் வரிசையில் நின்றேன். ஊசி குத்தி எடுத்த பெண் டாக்டர் புதியவர், என்னைத் தெரியாது. ஸ்லைடை உடனே பார்த்துவிடுவார்கள், நோயாளிக்கு முடிவு சொல்வது வியாழன்.

பெஞ்சில் பக்கத்தில் மாராத்தாள் என்றொரு பெண். குண்டடம் பக்கம் ஊர். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங். அவளுக்கும் கழுத்தில்தான். கட்டைக் குரல். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்தி அப்படியாம்.

"ஊசின்னு பயமுறுத்துறாங்க. எங்க கம்பெனில நாளைக்கு எத்தன ஊசி ஒடையுதுங்க, இதென்ன பெரிய ஊசி."

படிவத்தை என்னிடம் நீட்டினாள். எழுதிக் கொடுத்தேன். வயது கேட்டதற்கு, "ரேசன் கார்டுல என்ன போட்டிருக்கோ அதைப் போடுங்க அம்மிணி." கார்டை எடுத்துக் கொடுத்தாள், பார்த்து எழுதினேன். தொடர்புக்குக் கம்பெனி டெலிபோன் நம்பர். மனப்பாடமாகச் சொன்னாள்.

மதியம் ஜூலை 'நூலகச் செய்தி' ஸ்டென்சில் அடித்தேன்.
– தேர்வு முடியும்வரை வாசிப்பறை இரவு எட்டு வரை.
– ஜெராக்ஸ் சரியாகிவிட்டது.
– எட்டாம் அலமாரிக்குக் கரையான் மருந்து. இரண்டு நாள் தொட வேண்டாம்.
– கம்ப்யூட்டரில் கட்டுரை தேடித் தரும் சேவை. சீட்டை நிரப்பித் தந்தால் கேட்ட மறுநாளே கையில்.

கடைசி வரி உதவியாளர் ரங்கசாமிக்குப் பிடிக்கவில்லை. "மறுநாளேன்னு போட்டுட்டா அப்பறம் நம்மளத்தானுங்க மேடம் புடிப்பாங்க." எடுக்கவில்லை.

12, செவ்வாய்

காலை பத்தரைக்குத் தேடல் சீட்டு ஒன்று. சர்ஜரி மேற்படிப்பு மாணவர் டாக்டர் பிரபு. 'அவசரம்' கட்டத்தில் டிக். வியாழன் காலை கேஸ் மீட்டிங்குக்கு வேண்டும்.

'பெண், 48. திருப்பூர்ப் பக்கம். தைராய்டு கட்டி. ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று பலத்த சந்தேகம். குரல் கம்மல் உண்டு. பாதி எடுப்பதா, முழுவதும் எடுப்பதா? கடைசி ஐந்து வருடக் கட்டுரைகள்.'

மூன்று தடவை படித்தேன். பெண், 48. திருப்பூர். என் வயது, என் ஊர்.

சீட்டில் நோயாளி பெயருக்கு இடம் கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். யாருக்காக என்று வாசகரைக் கேட்கக் கூடாது என்ற விதியும் நான் வைத்ததுதான். ரங்கசாமியை அதற்காக இரண்டு தடவை கண்டித்திருக்கிறேன்.

செருப்பை வெளியே விட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன். ஏ.சி. குளிர். இருபத்தாறு சுருக்கங்கள் வந்தன. பிரிண்டர் கத்திக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தள்ளியது. வழக்கமாகப் பக்க எண் மட்டும் சரிபார்ப்பேன். இன்று படித்தேன். ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கிறது. பயமுறுத்துவதில் மட்டும் எல்லாம் ஒத்துப்போகின்றன.

குரல் கம்மலா எனக்கு? எட்டாம் அலமாரிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று அங்கே போய் நூல் எண்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கம்மலாகத்தான் இருந்தது. மருந்து நெடியாகவும் இருக்கலாம்.

தாள்களைக் கிழிக்காமல் மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டால் மீட்டிங் நடந்துவிடும் என்பதாலா?

13, புதன்

காற்று நிற்கவே இல்லை. தம்பி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தம்பி மனைவி சரசு தோசையைப் போட்டுக்கொண்டே, "ஏனுங்கக்கா, தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" இட்லிப்பொடி கொஞ்சம் புரை ஏறியது என்றேன். தட்டில் பொடியே இல்லை.

பதினொரு மணிக்கு டா. பிரபு.

"மேடம், அந்த தைராய்டு ஆச்சா?"

"பிரிண்டர் ரிப்பன் போயிடுச்சு. புதுசு வரணும்."

"நாளைக்குக் காலைல மீட்டிங் மேடம். சீஃப் பேப்பர் இல்லாம பேசவே விட மாட்டார்."

"பார்க்கிறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் செய்திப் பலகையைப் பார்த்தபடி பேசினார். எப்போதுமே இப்படியா, இன்றுதானா? யாருக்காக என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விதி.

அவர் போன பிறகு ரங்கசாமி, "ரிப்பன் போன வாரந்தானுங்களே மேடம் மாத்துனோம்." சீட்டுகளை அடுக்கினேன். அவர் பலகைக்குப் போய் 'மறுநாளே கையில்' வரியை ஒருமுறை படித்துவிட்டு வந்தார். கேலிதான். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

தாள்கள் பையிலேயே. வண்டியில் எதிர் சீட்டில் இரண்டு பேர் சாயம், ஆர்டர் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் சட்டைக் காலர் பட்டனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

14, வியாழன்

முடிவு வாங்கப் பத்து மணிக்குப் போனேன். படியில் மாராத்தாள் இறங்கி வந்தாள். டிபன் டப்பா கையில். கோபம்.

"இன்னொரு வாரம் கழிச்சு வரச் சொல்லிப்போட்டாங்க அம்மிணி. எனக்குன்னு ஏதோ பேப்பர் கேட்டிருந்தாங்களாம், அது வல்லையாம். பெரிய டாக்டரு சின்ன டாக்டரைப் போட்டுப் பேசுறாரு. ஒரு நாள் லீவு போட்டு வந்ததுதான் மிச்சம். பேப்பரு வல்லீன்னா எங்கழுத்து என்னங்க பண்ணும்?"

என்ன பேப்பர் என்று நான் கேட்கவில்லை. தோளில் பை இருந்தது. பைக்குள் அது இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். நான் இல்லை, இவள். அடுத்ததாகத்தான் அவளுடைய கட்டைக் குரல் காதில் விழுந்தது.

என் முடிவு: சாதாரணக் கட்டி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். பெண் டாக்டர் சிரித்தார். "பயந்துட்டீங்களா?" இல்லை என்றேன்.

நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். டா. பிரபுவைத் தேடிப் போயிருக்க வேண்டும். மூன்று தடவை எழுந்தேன். சஞ்சிகை பதிவேட்டைக் கோடு போட்டு முடித்தேன். நாளை.

15, வெள்ளி

எட்டே முக்காலுக்கு வார்டு வாசலில் நின்றேன். தாள்களைக் கொடுத்தேன்.

"ரிப்பன் வந்துடுச்சா மேடம்?"

"ரிப்பன் போகவே இல்ல. செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டேன். எங்கிட்டதான் இருந்தது."

காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தாள்களைப் புரட்டினார். "நேத்து சீஃப் என்னை என்னென்ன சொன்னார் தெரியுமா மேடம்." அவ்வளவுதான். வேகமாக உள்ளே போனார்.

பதினொன்றுக்கு நூலகத்துக்கு வந்தார். அடுத்த வியாழன்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே அந்த அம்மாவைப் பார்க்கச் சீஃப் சம்மதித்துவிட்டார். ஆனால் கம்பெனிக்குப் போன் போட்டால் ஆம்பளைக் குரலுக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டு விடமாட்டேன் என்கிறாராம். "நீங்க பேசுங்க மேடம்."

கேஸ் ஷீட்டை என் மேஜையில் வைத்தார். கம்பெனி நம்பர் என் எழுத்தில். அதற்கு மேலே, வயது 48. அதுவும் என் எழுத்து. திங்கட்கிழமை நானே எழுதியது. செவ்வாய்க்கிழமை சீட்டில் அதே எண்ணைப் பார்த்து என்னை மட்டுமே நினைத்திருக்கிறேன்.

பத்து நிமிடம் காத்திருந்த பிறகு அவள் லைனில் வந்தாள். பின்னால் மிஷின்கள்.

"நாளைக்கு ஷிப்மெண்டுங்க. திங்கக்கெழம வர்றனே."

"நாளைக்கே வாங்க."

"ஏனுங்க அம்மிணி, அத்தன அவசரமுங்களா?"

இருபத்தாறு சுருக்கங்கள் படித்திருக்கிறேன். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

போன் வைக்கப்பட்டுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

16, சனி

ஏழே கால் வண்டி. எட்டரைக்கு பெஞ்சில் மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல புடவை. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"உங்குளுது என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லையாம்."

"அப்பாடா. நல்லதாப் போச்சுங்க." உண்மையாகவே முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கால் மணி நேரம். வெளியே வந்து உட்கார்ந்தாள். முழுவதும் எடுக்க வேண்டுமாம். புதன்கிழமை. கம்பெனியில் யாரிடம் சொல்வது, மகனுக்கு யார் சொல்வது என்று விரல் விட்டு எண்ணினாள். பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க நாளைக்கேன்னு சொல்லலீன்னா நான் திங்கக்கெழமதான் வந்திருப்பனுங்க. இந்த ரெண்டு நாளு உங்குளாலதான்."

வியாழனன்றே முடிவாகியிருக்க வேண்டியது என்று சொல்லவில்லை. சம்மதப் படிவத்தை நீட்டினாள். வாங்கி எழுதினேன். பெயர், ஊர். வயது நாற்பத்தெட்டு.