பதினெட்டாம் தேதி

15ஆம் தேதி, சனிக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவள் இன்னும் பள்ளிக்கூட வாசலில் உன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாளா? நீயும் அப்படித்தான் அழுவாய். நான் உன்னை வகுப்பில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன்.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். பிடுங்கிய பல்லின் புண்ணும் ஆறிவிட்டது. சமையலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் வியாழக்கிழமை நான் பல் டாக்டரிடம் போனபோது, குழாய்க்காரர் வருவார் என்று மாமா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஆள் வரவில்லையாம். எதிர் வீட்டு அக்காதான் என்னைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறிவிட்டது. நாம் பயந்தது நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அன்றைக்கு மத்தியானம் வாய் மரத்துப்போனபடியே வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். நம் வாயாடியைக் காணோம். பதினோரு வருஷமாகத் திரையில் இருப்பதையெல்லாம் எனக்குப் படித்துச் சொன்ன மென்பொருள் குரல் அவள், நான் ஓர் எழுத்தைத் தட்டினால்கூட அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டாள். அவள் இருந்த இடத்தில் ஏதோ ஓர் ஆண்குரல், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி, “வருக” என்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதில் இல்லை. சொந்த வீட்டில் யாரோ மேசை நாற்காலியை இடம் மாற்றிப் போட்ட மாதிரி முட்டிக்கொண்டே இருந்தேன்.

மாமாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, “தானா மாறிக்கிச்சும்மா. பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு இந்த மாசத்தோட சரின்னு அதுவும் சொல்லிக்கிட்டேதானே இருந்துச்சு” என்றார். அதற்கு இரண்டு நாள் முன்னால் திரையில் ஏதோ ஒரு பெட்டி திறந்தது. வாயாடி படித்து முடிப்பதற்குள் அவசரப்பட்டு என்டரைத் தட்டிய ஞாபகம். அதுதான் வினையாகியிருக்கும். என் கை சும்மா இருக்கவில்லை, வேறென்ன சொல்ல?

நாம் இரண்டு பேரும் எவ்வளவு யோசித்துத் தேதி குறித்தோம்! தொழிற்சாலைக் கூரை இடிந்த விசாரணையின் ஒலிப்பதிவுகளைப் பதினேழாம் தேதிக்குள் தட்டச்சு செய்து கொடுத்துவிடுவது. அன்றைக்கே என் சுருக்கெழுத்துப் பட்டியலை நகலெடுத்துக்கொள்வது. வாயாடியின் புதுப் பதிப்பை முதலில் மாமாவின் லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பது. எல்லாம் சரியென்றால் பதினெட்டாம் தேதி, நீ போனில் இருக்க, நானே புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றுவது. “நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன்க்கா” என்றாய். நீ வாக்குத் தவறவில்லை, நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

பட்டியல் போய்விட்டது. ‘சாசொ’ என்று அடித்தால் ‘சாட்சி சொன்னதாவது’ என்று வருமே, அப்படி மூவாயிரத்துக்கு மேல். அந்தப் பழைய மென்பொருள் புதியதில் ஓடாது என்று அதுவே தூக்கிப் போட்டுவிட்டதாம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய நகல் ஒன்றுதான் இருக்கிறது. கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. இருபத்தாறு சாட்சிகளில் பதினைந்து பேரைத்தான் முடித்திருக்கிறேன். பதினாறாவது சாட்சி ஒரு தையல்காரப் பெண். கூரை விரிசல் விட்டதை மூன்று தடவை போய்ச் சொன்னாளாம், யாரும் கேட்கவில்லையாம். அவள் பேச்சின் நடுவில் நின்றுபோயிருக்கிறேன்.

நேற்று மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். மிச்சப் பதிவுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். “தப்பா எடுத்துக்காதீங்க, தேதி தள்ள முடியாது. நீங்க கொஞ்ச நாள் ஓய்வா இருங்களேன்” என்றார். இத்தனை வருஷத்தில் ஓய்வு என்ற வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. என் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

உன்னிடமும் கேட்க வேண்டும். இத்தனை தூரத்திலிருந்து, வேலைக்கும் குழந்தைக்கும் நடுவில், எனக்காக ராத்திரியும் பகலும் மாறிய நேரத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தாய். அதைக் காப்பாற்றத் தெரியாதவளாகிவிட்டேன். அக்காவை மன்னித்துவிடு.

இந்தத் தூங்குமூஞ்சிக் குரலை வைத்துக்கொண்டு அடித்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வழக்கம்போல் மாமாவைப் படித்துப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். சின்னவளுக்கு என் முத்தம்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அக்கா


அடுத்த மாதம் 9ஆம் தேதி

தங்கைக்கு,

நீங்கள் மூவரும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை மாமா படித்துப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. பிழைகள் என்னுடையவை, அப்படியே இருக்கட்டும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் வந்தாள். தொலைந்த பட்டியலைத் தேடி எடுக்க முடியுமா என்று மேற்பார்வையாளர் அம்மா அனுப்பியிருந்தார். நல்ல பெண். வந்தவுடன் புது வாயாடியைப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் குரல் திரும்பி வந்ததும் நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். நான் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பதற்காக ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் வைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்துவிட்டு, “இது தானா மாறல அம்மா. அன்னைக்கு வெளியிலேர்ந்து யாரோ நெட் வழியா இதுக்குள்ள வந்திருக்காங்களே, யாரு?” என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். “நீங்களே கேளுங்க” என்று, கம்ப்யூட்டர் தானே எழுதி வைத்திருந்த பதிவில் அந்த வரிக்கு வாயாடியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வாயாடியாயிற்றே, சும்மா இருப்பாளா? அட்சரம் பிசகாமல் போட்டு உடைத்துவிட்டாள். வியாழக்கிழமை, ஆறாம் தேதி, காலை பத்து நாற்பது. வெளித்தொடர்பு. இந்தப் பக்கத்தில் அனுமதி அளிக்கப்பட்டது. நேரம், இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். தொடர்புகொண்டவர் பெயர், வாலு.

உன் பெயரை அப்படிப் பதிந்து வைத்தது நான்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு எதிரில் அது அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “தெரிஞ்சவங்களா?” என்றாள். என் தங்கை என்றேன்.

பத்து நாற்பதுக்கு நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். அனுமதி கொடுத்த விரல் யாருடையது என்று கணக்குப் போட வேண்டியதில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. குழாய்க்காரரை யாரும் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெண் போன பிறகு மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். “உன்கிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டேன்னு அவதான் சொன்னா. அவளுக்கும் அன்னைக்கு ஒரு நாள்தான் நேரம் இருந்துச்சு. எல்லாம் அப்படியே வந்துடும், அக்காவுக்கு வித்தியாசமே தெரியாதுன்னா” என்றார். தானாக மாறியதாகச் சொல்லச் சொன்னது யார் என்று கேட்டேன். அதுவும் நீதான் என்றார். உன்னைக் கேட்டால் மாமாதான் சொன்னார் என்பாய். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வித்தியாசமே தெரியாது.

பழையதை வைத்திருந்தால் திருடர்கள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிடுவார்கள் என்று நீ பயந்தாய். நியாயமான பயம். அதனால்தானே நானும் மாற்றச் சம்மதித்தேன்? நான் தள்ளிப்போடவில்லை. பன்னிரண்டே நாள் கேட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு என்னென்ன வேலை இருந்தது என்பது உனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்தாய்.

என் பார்வை முழுசாகப் போன வருஷம் உனக்குப் பத்தொன்பது வயசு. எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரு வாரம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டில் திரிந்தாய். அலமாரியில் இடித்து நெற்றி வீங்கியது. கட்டை அவிழ்க்கச் சொன்னதற்கு, “நான் பார்த்துக்கிட்டே சொல்லிக் கொடுத்தா அது உங்களுக்கு உதவாதுக்கா” என்றாய். உலகத்தில் யார் என்னை இரக்கப்பட்டு ஏமாற்றினாலும் இவள் ஏமாற்றமாட்டாள் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதை நம்பித்தான் பாஸ்வேர்டை உன்னிடம் கொடுத்தேன். வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

விசாரணை வேலை கையை விட்டுப் போனதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. போன கடிதத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதைப் படித்த அன்றைக்கே நீ பதில் போட்டாய். “பரவாயில்லக்கா, விடுங்க. இனிமேலாவது நான் சொல்றதைக் கேளுங்க.” மாமா அதை எனக்குப் படித்துக் காட்டினார். ஒருவர் எழுதி, ஒருவர் படித்து, நான் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். கம்ப்யூட்டரை மாற்றியதை மறந்துவிடுவேன். நான் செய்யாத தப்புக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை மன்னித்ததைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அந்த ஒலிப்பதிவுகளை வீட்டுக்குக் கொடுத்தபோது, என்னைத் தவிர யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சி சொன்னவர்கள் பயந்து பயந்து பேசியவர்கள். அவர்கள் குரல்கள் இருந்த இடத்தில் நீ இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறாய். நீ எதையும் திறந்திருக்கமாட்டாய், அதை நம்புகிறேன். ஆனால் நான் கொடுத்த வாக்கு உடைந்தது உடைந்ததுதானே?

மறைத்துவிடலாம் என்றார் மாமா. “அந்தப் பொண்ணு சொல்லமாட்டா, நான் பேசிக்கிறேன்” என்றார். மறுநாள் காலை நானே பஸ் ஏறிப் போய் மேற்பார்வையாளர் அம்மாவிடம் சொன்னேன். யார் யார் என்று சொன்னேன். பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “முதல்ல எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கோங்க. செய்யாததுக்கு உங்க கையெழுத்து இங்க இருக்க வேண்டாம்” என்றார்.

கம்ப்யூட்டரைச் சோதனைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இனி ரகசியப் பதிவுகள் வீட்டுக்கு வராது. வாரம் மூன்று நாள் அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் பக்கம், பிரிண்டருக்கு அடுத்து. சாதாரணக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் அடிக்கிறேன். பட்டியலை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றோடு நானூறு. பழகிவிட்டால் புதுசு ஒன்றும் மோசமில்லை. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே இருக்கிறது. கேட்டிருந்தால் இதை உன்னிடம் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

மாமா தினமும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வருகிறார். கையைப் பிடிக்க வந்தால் தோளைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கிறேன். அவரும் ஓரடி தள்ளியே நடக்கிறார். சாப்பாடு போடுகிறேன், சாப்பிடுகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, போகிறது, கூடவே இருப்பவர் என்பதால். உன் மேல் வந்த கோபத்துக்குப் போக வழியில்லை.

கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன்பே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உன்னைத் தண்டிப்பதற்காக இல்லை. என் கதவுக்கு ஒரே சாவிதான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இது கிடைத்தவுடன் மாமாவுக்குப் போன் செய்து அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது சின்னவளைப் பேசவிட்டு நடுவில் நீயும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடாதே. ஒரு நாள், எந்த நாளாக இருந்தாலும் சரி, நேராக எனக்குக் கூப்பிடு. அலுவலக நேரமாக இருந்தாலும் எழுந்து வெளியே வந்து எடுப்பேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். “நான்தான்க்கா” என்று ஆரம்பி, போதும். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

சின்னவளை அடிக்காதே, அதட்டாதே. அவள் பென்சிலைக்கூட அவளைக் கேட்டுவிட்டு எடு. அவள் பெரியவளாகி, உனக்கு வயசாகிக் கண்ணும் காதும் தளரும் காலத்தில், உனக்கு நல்லது என்று தோன்றுகிற எதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்கிற பெண்ணாக அவள் இருக்க வேண்டும். உனக்காக நான் தினமும் வேண்டிக்கொள்வது இப்போது இது ஒன்றுதான்.

அன்புடன்,
அக்கா