நான்காவது கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். வேலைதான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மனைவியும் என் மருமகனும் சுகமா? நீ அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. பயல் அதற்குள் எழுந்து நிற்கிறானே! உங்கள் கட்டில் பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி சிரிக்கிறான். மூக்கு அப்படியே நம் அப்பாவுடையது, பாவம். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும், கடைசியில் கேட்கிறேன்.

கூடவே வந்த கடிதத்தையும் படித்தேன். 'வீம்பு பண்ணாதக்கா, மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையக் காப்பாத்திக்கோ' என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் நான் காதைப் பிய்த்துவிடுவேன் என்று பயந்துதானே கடிதம் போட்டாய்? நானும் அதனால்தான் எழுதுகிறேன். போன் என்றால் 'கடைக்கு ஆள் வந்துட்டாங்கக்கா' என்று நீ பாதியில் வைத்துவிடுவாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

உனக்கு யாரோ அரையும் குறையுமாகச் சொல்லியிருக்கிறார்கள். என் வேலை உனக்குத் தெரியும். பிரசவமான வீடுகளுக்குப் போய், தாயையும் பிள்ளையையும் பார்த்து, எடை போட்டு, தடுப்பூசி சொல்லிவிட்டு வருவது. போன வீட்டில் எல்லாம் நான்கு கேள்வி கேட்பேன். அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா? மாத்திரை எல்லாம் எங்கே? வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் எங்கே? வேலையில் சேர்ந்த புதிதில் இதைக் கற்றுக்கொடுத்ததே எங்கள் இலாகாதான். இப்போது அதே இலாகா, நான்காவது கேள்வியை மட்டும் கேட்காதே என்கிறது. போன வருஷம் சட்டசபையில் சட்டமே போட்டுவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருப்பது அவரவர் உரிமையாம், மருத்துவமனை ஆட்கள் அதைப் பற்றி வாயைத் திறந்தால் அந்தரங்கத்தில் தலையிடுவதாம். மலம் கழித்ததிலிருந்து மார்பில் பால் கட்டியது வரைக்கும் கேட்கலாம், அது அந்தரங்கம் இல்லை.

இந்த வேலையில் என்னைப் பந்தாடியதில் மாநிலத்தின் எல்லா மூலைக்கும் போய் வந்திருக்கிறேன். சட்டம் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஒரு நியாயம். ஆற்றங்கரைப் பக்கத்து விவசாய வீடுகளில் கேட்டால் யாரும் முகம் சுளித்ததில்லை. பாத்திரத்தைக் காட்டுவது போலக் காட்டுவார்கள். 'பன்றி வந்தா என்ன பண்றது சிஸ்டர்? துப்பாக்கி மேல மாட்டியிருக்கு, தோட்டா தனியா பெட்டியில இருக்கு, பூட்டியாச்சு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சளி இருக்கிறது பாருங்கள் என்பார்கள். உங்கள் வடக்குப் பக்கத்தில் அது செருப்பு மாதிரி. இடுப்பில் செருகிக்கொண்டே காய்கறி வாங்குகிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள். நீ முதலில் அங்கே போனபோது எனக்குப் போன் போட்டுப் புலம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது நீயும் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டாய்.

இங்கே நகரத்தில் வேறு மாதிரி. எல்லாம் சட்டைக்குள்ளே, எல்லாம் ரகசியம். துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று நகரசபை ஒரு விதி போட்டது. மாநில அரசு, அது செல்லாது, நீங்கள் யார் விதி போட என்று ரத்து பண்ணிவிட்டது. ஒருமுறை மாடி வீடு ஒன்றுக்குப் போனேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வாத்தியார்கள். கேட்டதும் இரண்டு பேருக்கும் முகம் சுண்டிவிட்டது. 'நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல மேடம்' என்றார்கள். சரி என்று எடை போட உட்கார்ந்தேன். குழந்தை ஈரம் பண்ணிவிட்டது. மாற்றுத் துணிக்காகக் கூடைக்குள் கை விட்டால் விரலில் இரும்பு தட்டுகிறது. உள்ளறையிலிருந்து மாமனார் ஓடி வந்தார். பென்ஷன் வாங்கிய நாளில் வாங்கினாராம், மகனுக்கே தெரியாதாம். 'எந்தத் திருடனும்மா குழந்தத் துணியில கை வைப்பான்?' என்று என்னையே கேட்டார். திருடன் வைக்க மாட்டான், தாத்தா, பேரன் வைப்பான் என்றேன். அந்த வாத்தியாரம்மா அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

ஆகவே, சட்டம் வந்த பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேலதிகாரி அம்மாவுக்கும் தெரியும், கண்டும் காணாமல் இருந்தார். வினை வந்தது கல்குவாரிப் பக்கத்தில். லாரி ஓட்டுகிறவர் வீடு, தலைச்சன் குழந்தை. நான்காவது கேள்விக்கு வந்ததும் மனுஷன் எகிறிவிட்டார். 'வந்த வேலையப் பாத்துட்டுப் போங்க. இன்னிக்கு எங்கேன்னு கேப்பீங்க, நாளைக்குப் புடுங்க வருவீங்க' என்றார். நான் புடுங்க வரவில்லை ஐயா, உங்கள் பிள்ளை கை எட்டாத இடத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்றேன். வாசலைக் காட்டினார். மறுநாளே புகார் போய்விட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அலுவலக வாசலில் நடந்த கூத்தைக் கேள். என் பையைச் சோதித்து, தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கூர்மையான பொருள் உள்ளே போகக் கூடாதாம். எனக்குப் பின்னால் வந்தவர் இடுப்புத் துப்பாக்கியைத் தட்டிக் காட்டினார், லைசென்ஸ் அட்டையை நீட்டினார், சல்யூட் வைத்து உள்ளே விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளிக்கும் வந்தது, பாவம், அடக்கிக்கொண்டார்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்ட, அடியில் வாளி. நடுவில் இருந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். ஏற்கெனவே தட்டச்சு செய்த தாளை என் பக்கம் தள்ளி, தவறு செய்துவிட்டேன், இனி கேட்க மாட்டேன் என்று இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் இதோடு முடிந்தது என்றார். போடாவிட்டால் நர்ஸ் பதிவையே எடுத்துவிடுவோம் என்பதை அவர் சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவர் சொன்னார். லாரிக்காரரும் வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டு, முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவரிடம் நான் ஒன்று கேட்கலாமா என்றேன். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றார்கள். பிள்ளையைப் பற்றித்தான் என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, அண்ணே, பிள்ளை எப்படி இருக்கிறான் என்றேன். இருக்கான் என்றார். தவழ்கிறானா என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நல்லா தவழறான். மெத்தைக்கு அடியில வச்சிருந்தத அன்னிக்கு சாயங்காலமே எடுத்துப் பூட்டிட்டேன். ஆனா அந்தம்மா கேட்டது தப்புதான்.' குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள்.

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. மனுஷன் ரோஷத்தையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை. எனக்கு அது போதும். தாளை அதிகாரி பக்கமே திருப்பித் தள்ளினேன். நான் கேட்ட கேள்வியால்தான் அது மெத்தைக்கு அடியிலிருந்து எழுந்தது, அதைத் தவறு என்று என் கையால் எழுத மாட்டேன், நீங்கள் வேண்டுமானால் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வருகிற திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்திருந்த மேலதிகாரி அம்மா படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பழையபடி கேட்டுக்கொண்டிரு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நீ சொல்வதும் அதேதான். ஆனால் நான் போட்டுவிட்டால், எனக்குப் பின்னால் வரும் சின்னப் பெண்கள் கேட்பார்களா? அக்காவே தப்பென்று எழுதிக் கொடுத்தாள் என்று வாயை மூடிக்கொள்வார்கள். திங்கட்கிழமை வெறுங்கையோடு போவேன். யோசித்தாகிவிட்டது என்று சொல்வேன்.

இனி போட்டோ விஷயம்.

அப்பா மில் காவலுக்குப் போன காலத்துத் துப்பாக்கியை, அவர் போன பிறகு நீ எடுத்துக்கொண்டாய். நான் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். கடையில் வாங்கினால்தான் இந்த மாநிலத்தில் ஆயிரம் சரிபார்ப்பு. அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா அதைச் சுற்றி வைப்பது பச்சைக் கரை போட்ட துண்டு. அந்தத் துண்டை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். தம்பி, போட்டோவில் பயல் பிடித்துக்கொண்டு நிற்கிற அலமாரியில், அவன் தோளுக்குச் சரியாக, கீழிருந்து இரண்டாவது தட்டில், துணிகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கரை தெரிகிறது.

வெறும் துண்டாக இருக்கலாம். நீ துப்பாக்கியை வேறெங்கோ பத்திரமாக வைத்திருக்கலாம். அப்படியென்றால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். கடையில் திருட்டு நடந்ததிலிருந்து நீ அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாய் என்று உன் மனைவி ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. உன் பயமும் எனக்குப் புரிகிறது. விற்றுவிடு, வீசிவிடு என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கேட்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? எங்கே? தோட்டா உள்ளே இருக்கிறதா, வெளியிலா? சாவி யாரிடம்? திங்கட்கிழமைக்குப் பிறகு நான் நர்ஸ் இல்லை என்று அவர்கள் எழுதிவிடலாம். அவனுக்கு அத்தை இல்லை என்று எந்தச் சட்டசபையும் எழுத முடியாது. பதில் கடிதம் வரைக்கும் காத்திருக்காதே. இதை மடித்து வைப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்தத் தட்டைப் பார். பார்த்துவிட்டுப் போன் பண்ணு. கடைக்கு ஆள் வந்தால் நிற்கட்டும்.

பயலுக்கு என் முத்தம். அவன் நன்றாக இருக்கட்டும். எட்டாததை எல்லாம் எட்டிப் பிடிக்கிற வயசு, அந்த ஒன்று மட்டும் எட்டாமல் இருக்கட்டும்.

உன் வீம்புக்கார
அக்கா